சேதாரம் யார் கணக்கில்?

(மதுரை பழங்காநத்தத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பட்டறைக்காரர்கள் இன்று ஷட்டரைச் சீக்கிரமே இறக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் தொழிற்பயிற்சி நிலையத்துப் பிள்ளைகள், ஐ.டி.ஐ. பிள்ளைகள், கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘பேராசிரியர்’ என்று அச்சாகியிருக்கிறது. தயவுசெய்து அதை அடித்துவிட்டு ‘பயிற்றுநர்’ என்று திருத்திக்கொள்ளுங்கள். நான் ஃபிட்டர். ஃபிட்டர் வேலை கற்று, சில காலம் அதைச் செய்து, பிறகு முப்பது வருஷத்துக்குமேல் பிள்ளைகளுக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் தமிழறிஞர்கள். அவர்களைப் போல எனக்குப் பேச வராது. கை பழகிய விஷயத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

தலைப்பு பலருக்கும் புதிராக இருந்ததாக அமைப்பாளர் சொன்னார். தெற்காவணி மூல வீதிக்கு நகை எடுக்கப் போகாத குடும்பம் மதுரையில் இருக்காது. பில்லில் தங்கத்தின் விலைக்குக் கீழே இரண்டு சொற்கள் இருக்கும்: செய்கூலி, சேதாரம். செய்கூலி புரிகிறது. சேதாரம்? உருக்கும்போதும், அராவும்போதும், மெருகு ஏற்றும்போதும் போகிற துகளுக்கு நாம் கொடுக்கும் விலை. வேலை என்று நடந்தால் கொஞ்சம் வீணாகத்தான் செய்யும், அதை யார் ஏற்பது என்று பொற்கொல்லர்கள் எந்தக் காலத்திலேயோ முடிவுசெய்து பில்லிலும் ஏற்றிவிட்டார்கள்.

தொழில் கற்றுக்கொள்ளும் பிள்ளையும் வீணாக்குவான். இரும்பைக் கெடுப்பான், டிரில் பிட்டை உடைப்பான், போல்ட்டின் மரையைத் தேய்ப்பான், வண்டியைக் கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் முழிப்பான். கெடுக்காமல் கற்றவன் என்று ஒருவனை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தச் சேதாரத்தை யார் ஏற்பது? பள்ளி முடித்த ஒரு பிள்ளைக்குக் கைத்தொழிலில் முதல் வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பது, நான் பார்த்தவரை, இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. படிப்பு, திறமை, ஆர்வம் என்று நாம் பேசுவதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

ஃபிட்டர் பிரிவில் சேர்ந்த பிள்ளையின் முதல் மாதங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். உள்ளங்கை அளவு மைல்டு ஸ்டீல் துண்டு ஒன்றைக் கொடுப்போம். அதற்கு ‘ஜாப்’ என்று பெயர். வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, முகத்தைச் சமதளம் ஆக்க வேண்டும். அடுத்த முகம் அதற்குச் சரியாகத் தொண்ணூறு டிகிரியில் நிற்க வேண்டும். கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளின் ஜாபும் ஒரே மாதிரிதான் கெட்டுப்போகும்: நடுவில் வயிறு தள்ளியிருக்கும். அரத்தை முன்னால் தள்ளும்போது ஏற்றப்பலகை மாதிரி அது மேலும் கீழும் ஆடும். ஓரங்கள் இரண்டும் அதிகமாகத் தேயும். “சார், முடிஞ்சிருச்சு” என்று ஓடிவருவான். ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பேன். அலகுக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரியும். “என்னடா தெரியுது?” “வெளிச்சம் சார்.” “வெளிச்சம் போற வரைக்கும் ராவு.” ராவுவான். வெளிச்சம் போவதற்குள் துண்டே அளவு குறைந்து போயிருக்கும். ஸ்கிராப் பெட்டியில் போட்டுவிட்டு இன்னொரு துண்டு வாங்கிப் போவான்.

அந்தப் பெட்டியைத்தான் நான் பயிற்சி நிலையத்தின் உயிர் என்று சொல்வேன். மூன்றாவது, நான்காவது துண்டில் ஒருநாள் கை தானாகப் படியும். மணிக்கட்டை விட்டுவிட்டுத் தோளிலிருந்து தள்ளத் தொடங்குவான். சத்தமே மாறிவிடும், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் எந்த வைஸில் எந்தப் பையனுக்குக் கை படிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அதுவரை கெட்ட துண்டுகளெல்லாம் அரசாங்கத்தின் கணக்கு. 1950-இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம் இந்த நாட்டுக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான். யார் வீட்டுப் பிள்ளையானாலும் நாலு துண்டு இரும்பைக் கெடுத்துக்கொள்ளலாம், யாரும் திட்டமாட்டார்கள். (நான் திட்டியிருக்கிறேன். அது வேறு.)

எனக்குக் கிடைத்த முதல் வேலையில் அந்தப் பெட்டி இல்லை. ஒரு தனியார் கம்பெனி, பேர் வேண்டாம். சேர்ந்த இரண்டாவது வாரம் பில்லர் டிரில்லில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அழுத்தம் கூடிப்போய் பிட் முறிந்தது. சனிக்கிழமை சம்பளத்தில் அதன் விலையைப் பிடித்துக்கொண்டார்கள். தொகை பெரிதில்லை. ஆனால் அதற்கப்புறம் மூன்று மாதம் நான் அந்த மெஷின் பக்கமே போகவில்லை. கூட்டுவது, தூக்குவது, டீ வாங்கி வருவது என்று பத்திரமான வேலையாகப் பார்த்துச் செய்தேன். பிட்டின் விலையை என்னிடம் வசூலித்த முதலாளிக்கு ஒரு ஃபிட்டர் நஷ்டம். அவருக்கு அது தெரியவே தெரியாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்த மண்டபத்திலிருந்து பழங்காநத்தம் ரவுண்டானா வரைக்கும், அங்கிருந்து பைபாஸ் ரோடு பக்கமும் நடந்து பாருங்கள். டூ வீலர் மெக்கானிக், டிங்கரிங், லேத், கேட்–கிரில் அடிக்கும் வெல்டிங் பட்டறை, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. பெரும்பாலும் முதலாளி ஒருவர், கைதேர்ந்த ஆள் ஒருவர் இருவர், ஒரு பையன். இந்தப் பையன் எப்படி உள்ளே வருவான் தெரியுமா? அம்மா கூட்டிவருவாள். “படிப்பு ஏறலண்ணே, உங்க கையில விட்டுட்டேன்” என்பாள். “இன்னார் வீட்டுப் பையனா?” என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குள் தெருவும் இருக்கும், சாதியும் இருக்கும். அதைத் தாண்டினால் உள்ளே வரலாம்.

முதல் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் எடுபிடி. மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவணும். “பன்னெண்டு பதிமூணு எடுறா” என்று வண்டிக்கு அடியிலிருந்து கை மட்டும் நீளும். பதினாலு பதினைந்தை எடுத்துக் கொடுத்தால் தலையில் ஒரு குட்டு விழும். குட்டு வாங்கி வாங்கி, போல்ட்டின் தலையைப் பார்த்ததும் ஸ்பேனர் எண் சொல்கிற கண் வந்துவிடும். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. மதியம் சோறு, டீ, சனிக்கிழமை கையில் கொஞ்சம். இதில் சேதாரம் யார் கணக்கில்? பையன் கணக்கில்தான். பின்னால் கெடுக்கப்போகும் இரும்புக்கான விலையை முன்கூட்டியே ஒன்றரை வருஷ இலவச உழைப்பாக அவனிடம் வாங்கிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 1563-இல் போட்ட சட்டம் ஒன்று ஏழு வருஷம் பழகாமல் தொழில் செய்யக்கூடாது என்றது. 1814 வரை அது இருந்தது. தொழில் கற்க ஏழு வருஷம் எதற்கு? முதல் சில வருஷ நஷ்டத்தைக் கடைசி வருஷங்களில் குருநாதர் ஈடுகட்டிக்கொள்ள வேண்டாமா? பழங்காநத்தத்துப் பட்டறைக்காரருக்கும் லண்டன் கைவினைஞருக்கும் கணக்கு ஒன்றுதான்.

‘அந்தக் காலத்துல பட்டறையில அடிபட்டுக் கத்துக்கிட்டோம்’ என்று பெருமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பெருமையில் பங்கு வேண்டாம். அங்கே நின்றவர்கள் பதினோரு வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். கறுப்புக் கண்ணாடி கொடுக்காமல் வெல்டிங் பக்கத்தில் நிறுத்தி, ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தி, விடியும்வரை அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2016-இன் திருத்தமும் வந்து பதினாலு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது, பதினெட்டு வரை ஆபத்தான வேலை கூடாது என்று ஆனது நல்லதுக்குத்தான். அந்த வாசல் மூடவேண்டிய வாசல். மூடிய வாசலுக்குப் பதில் எந்த வாசலைத் திறந்தோம் என்பதைத்தான் நான் கேட்கிறேன்.

பழங்காநத்தத்தில் நின்றுகொண்டு டி.வி.எஸ். பற்றிப் பேசாமல் போகமுடியாது, ஒட்டியே டி.வி.எஸ். நகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்ட டி.வி. சுந்தரம் அய்யங்காரின் கம்பெனி, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. அந்தக் காலத்தில் மோட்டார் மெக்கானிக் என்று ஒருவரை எங்கே போய்த் தேடுவது? மாட்டுவண்டிக்குப் பட்டை போடுகிறவரும் கருமாரும்தான் இருந்தார்கள். ஆளை அவர்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரியில் வண்டி ஓட்டும் கேஸ் பிளாண்ட் செய்து பஸ்ஸின் பின்னால் மாட்டினார்கள். அப்படி ஒரு சாமான் அந்த ஆட்களின் கைக்குப் புதிது. கெடுத்துக் கெடுத்துத்தான் செய்திருப்பார்கள். பெரிய கம்பெனிக்கு அந்தச் சேதாரத்தைத் தாங்க முடிந்தது. கையில் தொழிலோடு வெளியே வந்த ஆட்கள் பலர் ஊருக்குள் பட்டறை வைத்தார்கள். மதுரைக்கு இவ்வளவு மெக்கானிக் எப்படி என்று கேட்டால் என்னிடம் இருக்கிற பதில் இதுதான். பிறகு பஸ்கள் அரசுடைமையாகி, 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பாண்டியன் டெப்போவில் அப்ரண்டிஸ் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எங்கள் காலத்துப் பையன்களுக்கு ஒரு கெத்து இருந்தது.

அப்ரண்டிஸ் என்ற சொல்லுக்கு அந்த மரியாதையைக் கொடுத்தது 1961-இன் தொழில் பழகுநர் சட்டம். என் கணக்கில் அது சேதாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் சட்டம். பழகுநரைத் தொழிலாளி என்று கொள்ளாதே, பயிற்சி பெறுகிறவன் என்று கொள் என்றது. அதனால் நிர்வாகத்துக்குப் பாரம் குறைந்தது. பதிலுக்கு உதவித்தொகை கொடு, கற்றுக்கொடு என்றது. 2019-இல் திருத்திய விதிப்படி ஐ.டி.ஐ. முடித்த பழகுநருக்குக் குறைந்தது மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2016-இல் வந்த தேசியத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசே ஏற்கிறது.

சட்டத்தில் இரண்டு ஓட்டை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது; 2014-இன் திருத்தம்கூட, அதற்கு ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகத்திடமே விட்டுவிட்டது. உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஓரளவு உதவும்: மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால், அங்கேயே பயிற்சி முடித்தவருக்கு நேரடியாக வருகிறவரைவிட முன்னுரிமை தரவேண்டும். ஆள் எடுத்தால்தானே முன்னுரிமை. இரண்டாவது ஓட்டை நம் தெருவுக்கே உரியது. முப்பது பேரோ அதற்குமேலோ வேலைசெய்யும் இடத்துக்குத்தான் பழகுநரை வைப்பது கட்டாயம். நான்கிலிருந்து இருபத்தொன்பது பேர் வரை விருப்பமிருந்தால் வைக்கலாம். மூன்று பேர் இருக்கும் பட்டறையைச் சட்டம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பழங்காநத்தமே அந்த மூன்று பேர் பட்டறைதான்.

இன்றைக்கு ஐ.டி.ஐ.க்குப் போகிற பிள்ளைக்கு வழியில் நிறைய உதவி இருக்கிறது. அரசு நிலையத்தில் மாதம் 750 ரூபாய் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாடு அரசு டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து நடத்தும் சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோவும் சி.என்.சி.யும் வந்திருக்கின்றன. எனக்குச் சந்தோஷம்தான். கூடவே ஒரு கவலை. மெஷின் உயர உயர, சேதாரமும் உயருகிறது. அரத்தில் கெட்டால் ஒரு துண்டு இரும்பு. சி.என்.சி.யில் ஆஃப்செட் எண்ணை ஒன்று தப்பாக அடித்தால் டூல் போய்ச் சக்கில் இடிக்கும். அந்த மாத லாபம் காலி. அதனால்தான் கப்பலூர் தொழிற்பேட்டைக்குச் சர்டிபிகேட்டோடு போகிற பையனைப் பார்த்து, “ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?” என்று கேட்கிறார்கள். எல்லாரும் அடுத்தவன் பட்டறையில் கெடுத்துவிட்டு வந்த பையனைத் தேடுகிறார்கள். அந்த அடுத்தவன் யார் என்றுதான் தெரியவில்லை.

ஜெர்மனியில் பையன் வாரத்தில் மூன்று நான்கு நாள் பட்டறையிலும் ஒன்றிரண்டு நாள் பள்ளியிலும் இருப்பான். மூன்று, மூன்றரை வருஷம். கம்பெனி சம்பளம் கொடுக்கும். அங்கே சிறு பட்டறைகளும் சேர்த்துக்கொள்ளும். தேர்வு வைப்பது தொழில் சங்கமான சேம்பர். பக்கத்துப் பட்டறைக்காரன் பையனுக்குச் சொல்லிக்கொடுக்காமல் தட்டிக்கழித்தால் ஊரே பார்க்கும். நம்மிடம் சங்கம் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வசூலும் நடக்கிறது. பையன்கள் விஷயம் மட்டும் அஜெண்டாவில் ஏறுவதில்லை.

அப்புறம் வளைகுடா. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமும் நம் பக்கமும் எத்தனையோ பையன்கள் வெல்டராகப் போயிருக்கிறார்கள். ‘சிக்ஸ் ஜி’ என்பார்கள்; குழாயை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து வைத்துச் சுற்றிலும் வெல்டு வைக்கவேண்டும், குழாயைத் திருப்பக்கூடாது. அடியிலிருந்து ஏறி, பக்கவாட்டில் போய், மேலே முடியும்போது உடம்பே ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். டிரேடு டெஸ்டில் கையில் கொடுப்பது ஒரு ஜோடிக் குழாய். அதற்கு முன்னால் பயிற்சிக்கு எத்தனை குழாய், எத்தனை ராடு? அத்தனையும் பையன் காசு, அம்மாவின் தோடு. வாசல் திறந்துதான் இருக்கிறது, சேதாரத்தை முன்பணமாகக் கட்டுகிறவனுக்கு மட்டும்.

கட்ட முடியாதவன் எங்கே போகிறான்? சாயங்காலம் ரவுண்டானாவில் நில்லுங்கள். முதுகில் சாப்பாட்டுப் பெட்டியோடு சிக்னலில் நிற்கிற பையன்களில் இரண்டு பேர் ஒருநாள் என்னைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, “சார்” என்று ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். இரண்டு பேரும் நன்றாக ராவுகிறவர்கள். “ஏன்டா?” என்றேன். “இதுல முத நாளே காசு சார்” என்றான் ஒருவன். அவன் சொன்னது நியாயம். அந்த வேலையில் கெடுக்க ஒன்றுமில்லை. அதனால்தான் யாரையும் சேர்த்துக்கொள்கிறது. கற்கவும் ஒன்றுமில்லை. மூன்று வருஷம் கழித்தும் அவன் கை அதே கைதான்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். தமிழ்நாட்டில் கைத்தொழில் என்று பேச்செடுத்தால் படித்த வீடுகளில் ஒரு சந்தேகம் எழும். அது நியாயமான சந்தேகம். 1953-இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளை அப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பேர் வாங்கி, ஊரே எதிர்த்து, 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்தைத் தோற்கடித்தது சரிதான். ஐ.டி.ஐ. அதற்கு நேர் எதிர். அங்கே பூ வியாபாரியின் மகன் வெல்டர் ஆவான், கொத்தனார் மகள் எலக்ட்ரீஷியன் ஆவாள். அப்பன் யார் என்று வைஸ் கேட்காது. ஆனால் சர்டிபிகேட்டோடு தெருவுக்கு வந்ததும் மறுபடி “இன்னார் வீட்டுப் பையனா?” என்கிற கேள்விதான் நிற்கிறது. பெண் பிள்ளை என்றால் அந்தக் கேள்விகூட வராது. “எங்கம்மா ஒன்ன நிறுத்துறது, இங்க பாத்ரூமே கிடையாது” என்பார்கள். அது உண்மையும்கூட; பல பட்டறையில் முதலாளிக்கே கிடையாது.

பட்டறைக்காரர்களிடம் நான் தர்மம் கேட்க வரவில்லை. உங்கள் வாடகை தெரியும், ஜி.எஸ்.டி. தெரியும், காயில் கட்டும் தாமிரத்தின் விலை தெரியும். ஒரு பையனுக்கு மாதம் ஒரு தொகை, அவன் கெடுக்கிற சாமானுக்கு ஒரு தொகை. முதல் தொகையைவிட இரண்டாவதுக்குத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள் என்பதும் தெரியும். தனியாக ஒருவர் தாங்க முடியாது. நாலு பட்டறை சேர்ந்தால் சட்டம் சொல்கிற நாலு பேருக்குமேல் ஆள் தேறும் என்று சொல்லத் தோன்றுகிறது. சட்டம் அப்படிச் சேர்த்து எண்ணாது, நானறிவேன். ஆனால் நாலு பட்டறை சேர்ந்து ஒரு ஸ்கிராப் பெட்டி வைக்க யார் சட்டமும் தேவையில்லை. மிச்சம் விழுகிற தகடு, சேனல் துண்டு, எரிந்துபோன பழைய மோட்டார், ஓடாத வண்டியின் கார்பரேட்டர் எல்லாம் அதில் போகட்டும். வாரத்தில் ஒருநாள் மத்தியானம் பையன்கள் அதில் கெடுக்கட்டும். வாடிக்கையாளர் வண்டியில் கை வைப்பதற்கு முன்னால் அவன் கை அங்கே படியட்டும். உடைந்த பிட்டைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை வெல்டிங் பக்கம் விடாதீர்கள். சனிக்கிழமைக் காசை ஒரு நோட்டில் அவன் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். நாளைக்கு எக்ஸ்பீரியன்ஸ் எங்கே என்று கேட்கிறவனுக்குக் காட்ட அந்த நோட்டாவது இருக்கும்.

இந்த அறக்கட்டளை பேச்சாளருக்கு ஒரு சன்மானம் வைத்திருக்கிறது. அதை உறையில் போட வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டேன். அந்தப் பணத்துக்கு வெல்டிங் ராடும், இரண்டு கறுப்புக் கண்ணாடியும், ஒரு செட் டிரில் பிட்டும் வாங்கி மண்டபத்தின் வாசலில் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பெட்டியை எந்தப் பட்டறை எடுத்துக்கொள்கிறதோ எடுத்துக்கொள்ளலாம். கூடவே ஆளையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்வரிசையில் நீலச் சட்டையில் இருக்கிற இரண்டு பையன்களும், அவர்கள் பக்கத்தில் இருக்கிற பெண்ணும் இந்த வருஷம் தேர்வு முடித்தவர்கள். ஒருவன் ஃபிட்டர், ஒருவன் வெல்டர், அந்தப் பிள்ளை எலக்ட்ரீஷியன். மூவருக்கும் பதினெட்டு முடிந்துவிட்டது. நன்றியுரை முடிந்ததும் உடனே கிளம்பிவிடாமல், பட்டறை வைத்திருப்பவர்கள் அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.